ரோஸ்விதாவின் ஆற்று எண்

ரோஸ்விதா கிராலுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்று அவள் கணவன் எக்கார்ட் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அது முழு உண்மையல்ல. டிரெஸ்டனில் ஒரு பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருடமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவள் வேலை பார்த்தாள். யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையின் அச்சை முன்னால் வைத்துக்கொண்டு, மெழுகை உருக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மயிரிழை உயரம் கூடினாலும் சுரண்டி எடுத்து மறுபடி நடுவாள். கை ஓடிக்கொண்டிருந்தால் கால் அடங்கிக் கிடக்கும். கை சும்மா இருந்தால்தான் தொல்லை. அப்போது எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வருவாள், கெட்டிலில் தண்ணீர் வைப்பாள், வைத்ததை மறந்துவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போவாள்.

இரண்டாயிரத்து இரண்டு ஆகஸ்டில் எல்பே ஆறு ஊருக்குள் வந்தபோது அவர்கள் பீஷன் பகுதியில் தரைத்தளத்தில் குடியிருந்தார்கள். எக்கார்ட் பஸ் ஓட்டப் போயிருந்தான். ரோஸ்விதா ஒரு கையில் பூனையும் இன்னொரு கையில் சான்றிதழ்க் கோப்புமாகப் படியேறி மேல் வீட்டுக்காரர்களிடம் போனாள். மற்றதெல்லாம் போயிற்று. அதன்பின் மூன்றாவது மாடியில் வீடு பார்த்துக் குடிபோனார்கள். தண்ணீர் அங்கே ஏற வழியே இல்லை. ஆனாலும் அவளுக்குள் ஒரு ஊசி குத்திக்கொண்டே இருந்தது. தினம் காலையில் வானொலியில் ஆற்றின் மட்டத்தை வாசிப்பார்கள். அதைக் கேட்காமல் செருப்பு மாட்ட மாட்டாள்.

"ஆத்துல ரெண்டு மீட்டர் தண்ணி. நாம பதினோரு மீட்டர் மேல இருக்கோம். நீ யாருக்காகடி பயப்படுற?" என்பான் எக்கார்ட்.

"பயப்படல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

கணினி அவர்கள் வீட்டுக்கு வந்தது எக்கார்டின் புண்ணியத்தில். பஸ் டிப்போவில் அவனோடு வேலை பார்த்த ஒருவர் பழைய கணினி ஒன்றைச் சீர்செய்து, அதில் இலவசமாகக் கிடைக்கும் டெஸ்க்டாப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்தது. அதன் திரையில் குட்டிக் குட்டிச் சாமான்களை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்: கடிகாரம், வானிலை, நாட்காட்டி. விட்ஜெட் என்பார்கள். ரோஸ்விதாவுக்குக் கடிகாரத்தின் பச்சை நிறம் பிடிக்கவில்லை. மாற்ற வழி தேடிக்கொண்டு போனவள், அந்தக் கடிகாரம் இருக்கும் கோப்பைத் திறந்துவிட்டாள். உள்ளே எழுத்துகள் இருந்தன. படிக்கக்கூடிய எழுத்துகள். நிறத்தின் பெயர் ஒரு வரியில் இருந்தது. அதை அழித்து நீலம் என்று போட்டுச் சேமித்தாள். கடிகாரம் நீலமாயிற்று.

அன்று அவள் கெட்டிலை மட்டுமல்ல, அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு சூப்பையும் மறந்தாள்.

அந்த டெஸ்க்டாப்பையே எழுதியவர்கள் கடினமான ஒரு மொழியில், பல வருடப் படிப்போடு எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்க முடியாது. ஆனால் அவர்களே அவளைப் போன்ற ஆட்களுக்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பைதான் என்கிற எளிய ஸ்கிரிப்ட் மொழியில் நாற்பது வரி எழுதி, சரியான கோப்புறையில் போட்டால் போதும், டெஸ்க்டாப் அதை வாங்கி ஓட்டிக் காட்டும். தப்பாக எழுதினால் ஓடாது. திருத்தினால் ஓடும். மெழுகில் பல் நடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை.

நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையின் பாதியை அடைத்துக்கொண்டாள். மார்ச் மாதத்தில் திரையின் வலது மூலையில் ஒரு நீல எண் உட்கார்ந்தது. நதித்துறை இணையத்தில் வெளியிடும் மட்டத்தைக் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து வந்து காட்டும் எண். ஆற்றோரத்தில் எந்த ஊரின் அளவுகோல் வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். எக்கார்ட் பார்த்துவிட்டு, "இனிமே வானொலிக்கு வேலை போச்சு," என்றான். விட்ஜெட்டைத் தன்னார்வலர்களின் தளத்தில் ஏற்றினாள். ஒரு மாதத்தில் முப்பது பேர், ஒரு வருடத்தில் மூவாயிரம் பேர். தோணித்துறைக்காரர்கள், கரையோரத்துத் தோட்டக்காரர்கள், அவளைப் போலவே ஊசி குத்தியவர்கள்.

மின்னஞ்சலில் கடிதங்கள் வந்தன. நன்றிகள்தான் பெரும்பாலும். சில குறைகளும் உண்டு. நதித்துறையின் தளம் பதில் சொல்லாத நேரத்தில் எண் மறைந்து அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வரும்படி அவள் எழுதியிருந்தாள். கிராமங்களில் இணைய இணைப்பு நொண்டும். அங்கே அந்தக் குறி நாளுக்குப் பத்துமுறை வந்து போயிற்று. கண்ணைக் குத்துகிறது, பழைய எண்ணையே வைத்திருந்தால் குடியா முழுகிவிடும் என்று ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். கால்மணியில் ஆறு என்ன பெரிதாக ஏறிவிடப் போகிறது? அவளுக்கும் நியாயமாகப் பட்டது. ஒரு மதியம் இரண்டு வரியை மாற்றினாள். சிவப்புக் குறி போயிற்று. எல்லோரும் மெச்சினார்கள்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஜூன் மாதத்தில் மழை நிற்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண் ஏறத் தொடங்கியது. ரோஸ்விதா பார்க்காத நேரமில்லை. பாத்ரூமுக்குப் போகும் வழியில் பார்ப்பாள், திரும்பி வரும் வழியில் பார்ப்பாள். கட்டிடத்தின் நிலவறையில் இருந்த சைக்கிள்களையும் ஜாடிகளையும் எக்கார்டும் அவளுமாக மேலே தூக்கினார்கள். பல் கூடத்தின் கணினியிலும் அதே விட்ஜெட்டைப் போட்டு வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போனபோது ஆறு மீட்டர் பத்து என்றது. ஒன்பது மணிக்கும் ஆறு பத்து. பதினோரு மணிக்கும் ஆறு பத்து.

"நின்னுடுச்சு!" என்று கூடத்தின் சொந்தக்காரி ப்ரிட்டாவிடம் சொன்னாள். "பாரேன், காலையிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர் ஏறல."

"அப்பாடா. இனியாவது ஸ்டூல்ல உக்காரு. திருமதி லெஷ்னரோட மேல்தாடைப் பல் செட் நாளைக்குப் போகணும்."

உட்கார்ந்தாள். அரைமணி நேரம் அமைதியாக வேலை நடந்தது. மூன்று நாளில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது. மதிய இடைவேளையில் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, நின்றுபோன ஆற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று பாலத்துக்கு நடந்தாள்.

பாலத்தில் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது கரையில் இருந்த பெஞ்சுகளின் முதுகு தெரிந்தது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது பெஞ்சே இல்லை. விளக்குக் கம்பத்தின் இடுப்பளவுக்குப் பழுப்புத் தண்ணீர், நடுவே ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போனது. பக்கத்தில் நின்ற ஆளிடம், "எப்போலேர்ந்து இப்படி?" என்று கேட்டாள்.

"காலையிலேர்ந்து ஏறிக்கிட்டேதான் இருக்கு. வேடிக்கை பாக்கவா வந்தீங்க? மூட்டை கட்டுங்க."

ரொட்டி கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. ஓடினாள். ஓடும்போதே என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. நாடே நதித்துறையின் தளத்தை ஒரே நேரத்தில் திறந்து பார்க்கிறது. தளம் மூச்சுத் திணறி, காலையிலிருந்து அவளுடைய ஸ்கிரிப்டுக்குப் பதிலே சொல்லவில்லை. ஸ்கிரிப்டோ அவள் சொல்லிக் கொடுத்தபடி, வாயை மூடிக்கொண்டு பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூவாயிரம் திரைகளில்.

கூடத்துக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினி முன் நின்றாள். நின்றபடியே தட்டினாள்.

"ரோஸ்விதா, மேல்தாடை!"

"இரு."

"என்னது இரு? நாளைக்கு அந்தம்மாவுக்குப் பேத்தி கல்யாணம்!"

"ப்ரிட்டா, தயவுசெஞ்சு என்கிட்ட பேசாதே. நான் பொய் சொல்லிட்டேன். மூவாயிரம் பேர்கிட்ட."

ப்ரிட்டா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேல்தாடையைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

முக்கால் மணி நேரத்தில் புது விட்ஜெட் தயாராகித் தளத்தில் ஏறிற்று. எண்ணை நம்பாதீர்கள், வானொலியைக் கேளுங்கள் என்று கொட்டை எழுத்தில் அறிவிப்பும் போட்டாள். ஆனால் யார் போய்ப் பார்ப்பார்கள்? புதியதை அவரவரே தேடிப் போய் இறக்கினால்தான் மாறும். மண்மூட்டை தூக்கிக்கொண்டிருப்பவன் அப்டேட் இருக்கிறதா என்று தேடவா போகிறான்? மாலைக்குள் நூற்றிப்பத்துப் பேர் இறக்கியிருந்தார்கள். மிச்சப் பேருக்கு அதே காலை எண்.

வெள்ளம் வடிந்தது. அவர்கள் தெருவில் நிலவறைகள் நனைந்ததோடு போயிற்று. ரோஸ்விதா தினமும் கடிதப் பெட்டியைத் திறக்கும்போது கண்ணைச் சுருக்கிக்கொள்வாள். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது.

"ஐயா, நான் நீடர்லோம் கிராமம். என் முற்றத்துக்குத் தண்ணீர் வர எங்கள் அளவுகோலில் ஆறு தொண்ணூறு ஆக வேண்டும். உங்கள் எண் காலையிலும் நண்பகலிலும் ஆறு இருபது என்றது. நான் தீயணைப்பு நிலையத்துக்கு மூட்டை நிரப்பப் போனேன். நாலு மணிக்குத் திரும்பினபோது முற்றம் ஏரி. நாற்பது முயல்கள் வைத்திருந்தேன். கூண்டு மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் இருந்த ஒன்பது பிழைத்தன. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். ஆர்னோ டீட்ஸே."

அவள் அதை நின்றுகொண்டு படித்தாள், நடந்துகொண்டு படித்தாள், எக்கார்டிடம் வாசித்துக் காட்டினாள். பதில் எழுதுவதற்காக டீட்ஸே என்ற பெயரைப் பழைய கடிதங்களில் தேடினாள். ஏற்கனவே எழுதியிருக்கிறாரோ என்று ஒரு சந்தேகம். எழுதியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்: "ஐயா, உங்கள் விட்ஜெட் அருமை, ஆனால் அந்தச் சிவப்புக் குறியைத் தூக்கிப் போடுங்கள். எங்கள் ஊர் இணைப்புக்கு அது நாள் முழுக்கக் கத்துகிறது. பழைய எண் இருந்தால் போதும்." கேட்ட ஏழெட்டுப் பேரில் முதல் ஆள் அவர்தான்.

எக்கார்ட் தொடையில் தட்டினான். "முடிஞ்சது கதை! இதை அப்படியே அவருக்கு அனுப்பு. ஒரு வார்த்தை எழுத வேணாம்."

"எப்படி அனுப்ப?"

"ஏன்? கேட்டது அந்த ஆள்தானே?"

"கேட்டது அவர். எழுதுனது என் கை." அவள் ஜன்னலுக்குப் போனாள். "முப்பத்தோரு முயல் செத்த மனுஷன்கிட்ட, நீதான்யா கொன்னேன்னு சீட்டு அனுப்பச் சொல்றியா?"

"அப்போ என்ன பண்ணப் போறே?"

"போய்ப் பாக்கப் போறேன்."

வரலாமா என்று எழுதிக் கேட்டாள். தான் ஐயா இல்லை, அம்மா என்பதையும் சேர்த்து எழுதினாள். பதில் ஒரே வரி: "சனிக்கிழமை பத்து மணி, ரப்பர் பூட்ஸ் கொண்டு வாருங்கள்."

ஆகஸ்டு மாதத்து வெயில். ரயிலில் அவளோடு ஒரு தட்டு பிளம்ஸ் கேக்கும் மடிக்கணினியும் பயணம் செய்தன. நீடர்லோமின் வீடுகளில் ஆளுயரத்துக்குச் சேற்றுக் கோடு இன்னும் போகவில்லை. எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன, சுவர்களை உலர்த்தும் இயந்திரங்கள் ஊர் முழுக்க உறுமின. டீட்ஸே எழுபது வயதுக்காரர், சரக்கு ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்த எண்ணா?"

"நான்தான்."

"நான் தாடி வெச்ச பையன் ஒருத்தனை நெனச்சுட்டிருந்தேன். திட்டுறதுக்கு வார்த்தை எல்லாம் அவனுக்காகத் தயார் பண்ணி வெச்சிருந்தேன்."

"எனக்கே சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"பொருந்தாது. வாங்க, கூண்டுப் பலகையைச் சுரண்டணும். கை சும்மா இருந்தா எனக்குக் கோபம் வரும்."

கேக்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவள் கையில் ஒரு சுரண்டியைக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் இருவரும் பலகைகளில் காய்ந்த சேற்றைச் சுரண்டினார்கள். அவளுடைய கை பழக்கப்பட்ட கை. மூலைகளில் விரல்நகம் போகாத இடத்திலும் சேறு எடுத்தாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பிழைத்த முயல்கள் ஒன்பதும் நிழலில் புதுக் கம்பிக்கூட்டுக்குள் மென்றுகொண்டிருந்தன.

"கண்காட்சிக்கு வளர்த்ததுங்க," என்றார் டீட்ஸே. "சாம்பல் நிறத்துல ஒரு பெண் இருந்துச்சு. மூணு வருஷமா மாவட்டத்துல முதலிடம். அது நடு அடுக்கு."

ரோஸ்விதா சுரண்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று தோன்றிற்று.

காபி நேரத்தில் அவர், "அந்த இடத்தைக் காட்டுங்க. எந்த வரி?" என்றார்.

மடிக்கணினியைத் திறந்து பழைய ஸ்கிரிப்டைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். மொத்தமே நூற்றிருபது வரிதான். விரல் வைத்துக் காட்டினாள். இரண்டு வரி. எடுத்து வருவதில் தவறு நேர்ந்தால். அதன் கீழே, கடந்து போ.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"தப்பு நடந்தா கடந்து போ. உங்க கையால எழுதினீங்க."

"ஆமா."

"ரயில்ல சிக்னல் விளக்கு எரியலேன்னா அது சிவப்புன்னுதான் அர்த்தம். கடந்து போனா என்னைத் தூக்கி உள்ள போட்டிருப்பாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் இப்படி எழுதினீங்க? முட்டாள் மாதிரியும் தெரியல."

"முன்னாடி ஒரு சிவப்புக் குறி இருந்துச்சு. எடுக்கச் சொல்லிக் கேட்டாங்க."

"யாரு?"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"யாரோ. ஏழெட்டுப் பேர்."

"அவனுங்களுக்குப் புத்தி வேணாம்?" என்றார் டீட்ஸே. "கண்ணை மூடிக்கிட்டா ஆறு நின்னுடுமா? அந்த மாதிரி ஆளுங்க பேச்சைக் கேட்டு நீங்களும்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் ரயிலில் அவளுக்கு இருக்கை கிடைத்தும் உட்காரவில்லை. கதவருகே நின்று, பெட்டியின் நீளத்துக்கு நடந்து, மறுபடி கதவருகே நின்றாள். இரக்கப்பட்டுத்தான் மறைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது சமாதானம் தரவில்லை. ஏன் தரவில்லை என்றும் விளங்கவில்லை.

இலையுதிர் காலத்தில் டெஸ்க்டாப்பைச் செய்யும் தன்னார்வலர்கள் ஒரு அறிவிப்பு வெளியிட்டார்கள். அடுத்த பதிப்பில் விட்ஜெட்டுகளை ஜாவாஸ்கிரிப்டில் மட்டுமே எழுத முடியும். பைதானுக்கான கதவு மூடப்படும். நாலைந்து மொழிகளுக்கு ஒரே நேரத்தில் கதவு வைத்துப் பராமரிக்க ஆளில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று பணிவாக எழுதியிருந்தார்கள். மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடலாடற்குழுவில் பலர் கொதித்தார்கள். ரோஸ்விதா கொதிக்கவில்லை. தோளிலிருந்து மூட்டையை யாரோ இறக்கினாற்போல இருந்தது அவளுக்கு. ஐம்பத்து நான்கு வயதில் இன்னொரு மொழியா? வேண்டாம். விட்ஜெட்டின் பக்கத்தில், இது இத்துடன் நிறுத்தப்படுகிறது, நன்றி, என்று இரண்டு வரி எழுதினாள்.

எழுதியும் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரம் சமையலறை அலமாரிகளை இரண்டுமுறை கழுவினாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"டீட்ஸே பேசறேன். நிறுத்தப் போறீங்களாமே, பார்த்தேன். அதைப் பத்திக் கேட்டு எழுதலாம்னு உங்க முகவரியை என் பழைய கடிதங்கள்ல தேடினேன். என்ன கிடைச்சுதுன்னு தெரியுமா?"

ரோஸ்விதா சுவரில் சாய்ந்துகொண்டாள். "தெரியும்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

"அந்தக் கேக்கைத் தின்னுக்கிட்டு நான் புத்தி வேணாமான்னு கத்தினப்போ?"

"அப்பவும் தெரியும்."

மறுமுனையில் குரல் வெடித்தது. "மறுபடி அதே வேலையப் பண்ணியிருக்கீங்களே திருமதி கிரால்! ஒரு தப்பு உங்களுக்குத் தெரியுது. எதிர்ல இருக்கவனுக்குத் தெரியக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு, எல்லாம் சரியா இருக்கற மாதிரி பழையதையே காட்டினீங்க. ரெண்டு மாசம் நான் ஊர் பூரா அந்த ஏழெட்டு முட்டாளைப் பத்திப் பேசிட்டிருந்தேன். முடிதிருத்தற கடையில கூடப் பேசினேன்!"

"உங்களுக்கு நோகக்கூடாதுன்னு..."

"நோகட்டும்! நோகறதுக்குத்தானே சொல்றது!"

வைத்துவிட்டார். எக்கார்ட் செய்தித்தாளை இறக்கி, "என்னவாம்?" என்றான். அவள் முன்னறையிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து முன்னறைக்கும் நடந்தாள். ரயிலில் விளங்காதது இப்போது விளங்கியது. சிவப்புக் குறியை எடுத்தது ஒரு கவனக்குறைவு. ஆகஸ்டில் செய்தது அப்படியல்ல. அதை அவள் தெரிந்தே, ஒரு கிழவரின் எதிரே உட்கார்ந்து, அவருடைய காபியைக் குடித்துக்கொண்டு செய்திருந்தாள்.

"எக்கார்ட், மேஜையைக் காலி பண்ணு."

"எதுக்கு?"

"பாதி எனக்கு வேணும். குளிர்காலம் முடியற வரைக்கும்."

ஜாவாஸ்கிரிப்ட் அவளைப் படாதபாடு படுத்தியது. பைதானில் வரியை உள்ளே தள்ளி எழுதினால் போதும். இங்கே அடைப்புக்குறிகள் கணக்கில்லாமல் வந்தன. ஒன்றை மூட மறந்தால் திரையில் எதுவுமே வராது. பழைய மொழியின் வாக்கியங்கள் கைக்கு வந்துகொண்டே இருந்தன, அழித்து அழித்து எழுதினாள். ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. மடலாடற்குழுவில் கேள்வி கேட்டாள். அவளுக்கு மகன் வயதிருக்கும் ஒருவன் ஒஸ்லோவிலிருந்து பொறுமையாகப் பதில் சொன்னான். இன்னொருவன், கையேட்டைப் படியுங்கள் என்று ஒரே வரியில் எரிந்து விழுந்தான். படித்தாள்.

டீட்ஸேவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். எந்தத் தேதியில் அவர் கேட்டார், எந்தத் தேதியில் அவள் மாற்றினாள், வேறு யார் யார் கேட்டார்கள், ஜூன் மாதம் எத்தனை மணிக்கு அவளுக்குத் தெரிந்தது, எல்லாம். கடைசியில், புதிதாக எழுதுகிறேன், சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், இணைப்பு நொண்டும் ஊராக இருந்தால் நல்லது என்று சேர்த்தாள். இரண்டு வாரம் சத்தமில்லை. அப்புறம் பதில் வந்தது: "அனுப்புங்கள். இனிமேல் 'நீ' என்றே எழுதிக்கொள்வோம். சண்டை போட அதுதான் வசதி. ஆர்னோ."

சண்டைக்குப் பஞ்சமே இல்லை. எண்ணுக்குக் கீழே அது எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்று காட்டும்படி முதலில் எழுதினாள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, என் வயசு உனக்கு மறந்துபோச்சா என்று ஆர்னோ எழுதினார். பெரிதாக்கினாள். அரைமணியைத் தாண்டிய எண்ணின் மேல் சிவப்புக் கோடு விழ வைத்தாள். அவர் தினமும் இணையக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கோடு முப்பத்தோராவது நிமிடத்தில்தான் விழுகிறது என்று குற்றப்பத்திரிகை அனுப்பினார். கணினி தூங்கி எழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதை அவள் யோசித்திருக்கவில்லை. தூங்கி எழுந்தால் நிமிடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. நேற்றைய எண் இன்றைக்குப் புதியது போல் நின்றது. அந்த ஒரு இடத்தைச் சரிசெய்ய ஒன்பது நாளானது.

டெஸ்க்டாப்பின் புதிய பதிப்பு வெளிவந்து சில வாரம் கழித்து ரோஸ்விதாவின் விட்ஜெட்டும் வந்தது. இறக்கியவர்கள் முதல் மாதத்தில் அறுநூறு பேர்தான். பலர் புதிய பதிப்புக்கு மாறவில்லை. சிலர் அவளை மன்னிக்கவில்லை. அப்படி எழுதியும் இருந்தார்கள், அவள் அதற்கெல்லாம் பதில் போட்டாள். முதல் வாரத்திலேயே ஒருவர் பக்கத்தில் புகார் எழுதினார்: சிவப்புக் கோடு எரிச்சலாக இருக்கிறது, எடுத்துவிட முடியாதா? ரோஸ்விதா கூடத்தில் அதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த மெழுகை வைத்துவிட்டு, என்ன எழுதுவது என்று எழுந்து நடக்கத் தொடங்கினாள். திரும்பி வருவதற்குள் அதன் கீழே பதில் விழுந்திருந்தது.

"நான் ஒருகாலத்தில் இதையே கேட்டேன், இந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் நீடர்லோமுக்கு வாருங்கள். ரப்பர் பூட்ஸ் தேவையில்லை. ஆர்னோ டீட்ஸே, இப்போதைக்கு இருபத்திரண்டு முயல்கள்."

ப்ரிட்டா எட்டிப் பார்த்தாள். "சிரிக்கிறியா, அழறியா?"

"தெரியல. ஸ்டூலை இந்தப் பக்கம் தள்ளு," என்றாள் ரோஸ்விதா. உட்கார்ந்தாள். பாதியில் நின்ற கீழ்த்தாடையை விளக்கின் கீழ் இழுத்து வைத்துக்கொண்டு, நான்கு பற்கள் நட்டாள். ஐந்தாவதுக்கு மெழுகு உருகுவதற்குள் மறுபடி எழுந்துவிட்டாள்.